அடர்ந்து முளைத்த நாற்றுகளைக் கலைத்து விடுதல்: சேலத்து வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு

ஆடிப் பதினெட்டு அன்று முள்ளங்கி விதையைத் தூவியவர் எட்டாம் நாள் காலையில் மாடிக்குச் சென்று, பை முழுவதும் பச்சைப் பாய் விரித்தாற்போல் நாற்றுகள் நிற்பதைக் கண்டு மகிழ்வது இயல்பு. அந்த மகிழ்ச்சியிலேயே அவற்றை விட்டுவிட்டால், நாற்பத்தைந்தாம் நாள் பிடுங்கும்போது கைக்கு வருவது சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத வேர்களும் ஒரு கட்டு இலையுமாகத்தான் இருக்கும். அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் முதல் ஆண்டு எனக்கு நேர்ந்தது இதுவே. ஆத்தூர்ப் பக்கத்தில் உழவர் வீட்டில் பிறந்து எங்கள் தெருவுக்கு வாழ வந்த பெண் ஒருவர், துணி உலர்த்த வந்த இடத்தில் அந்தப் பையைப் பார்த்துவிட்டு, “ஏனுங்கக்கா, கலைச்சே விடலீங்களா? இப்படி நெருக்கியடிச்சு நின்னா ஒண்ணுமே தேறாதுங்க” என்றார். கலைத்தல் என்ற சொல்லை அந்தப் பொருளில் நான் கேட்டது அன்றுதான்.

தேவைக்கு மேல் முளைத்த நாற்றுகளை இளம்பருவத்திலேயே நீக்கி, நிற்க வேண்டியவற்றுக்கு இடைவெளி உண்டாக்குவதை உழவர்கள் பயிர் கலைத்தல் என்கிறார்கள். முளைக்காமல் வெறுமையாகக் கிடக்கும் இடத்தில் வேறொரு நாற்றை வைப்பது பாடு நிரப்புதல். இரண்டும் பெரும்பாலும் ஒரே மாலையில் நடக்கும் வேலைகள். “கலக்க விதைத்தால் களஞ்சியம் நிறையும், அடர விதைத்தால் போர் உயரும்” என்ற பழமொழியில் வரும் கலக்க என்பதற்கு இடைவெளி விட்டு என்று பொருள். போர் என்பது வைக்கோற்போர். நெருக்கி விதைத்தால் தாள்தான் மிகும், மணி தேறாது. என் முள்ளங்கிப் பையில் உயர்ந்ததும் போர்தான்.

ஏன் இத்தனை முளைக்கின்றன

கூடுதலாக விதைப்பது தொடக்கநிலைத் தோட்டக்காரரின் தவறு என்று நான் சொல்ல மாட்டேன், ஏனெனில் எல்லா விதையும் முளைக்கும் என்று எந்தப் பொட்டலமும் உறுதி கூறுவதில்லை. விதைச் சான்றளிப்புத் தரங்களே தக்காளிக்கும் கத்தரிக்கும் 70 விழுக்காடு, வெண்டைக்கு 65, மிளகாய்க்கும் கேரட்டுக்கும் 60 விழுக்காடு முளைப்புத்திறன் இருந்தால் போதும் என்று வகுத்திருக்கின்றன. ஒரு குழிக்கு ஒரே விதை என்று ஊன்றினால் பத்துக் குழிகளில் மூன்று நான்கு வெறுமையாகிவிடக்கூடும். அதனால்தான் இரண்டு மூன்றாக ஊன்றுகிறோம். அப்படி ஊன்றியவர் பிறகு கலைத்தும் ஆக வேண்டும். அது விதைப்பின் பிற்பாதி.

கீரையில் சிக்கல் வேறு வகை. தண்டுக்கீரை, முளைக்கீரை, சிறுகீரை விதைகள் கடுகைவிடச் சிறியவை; ஒரு கிராமில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை அடங்கும். இரு விரலால் கிள்ளித் தூவும் ஒரு சிட்டிகையிலேயே சில நூறு விதைகள் விழுந்துவிடுகின்றன. பீட்ரூட்டிலோ நாம் ஒரு விதை என்று எடுப்பது உண்மையில் பல விதைகள் ஒன்றாக ஒட்டிக் காய்ந்த கொத்து. ஒவ்வொன்றாக எண்ணி, அளந்து ஊன்றினாலும் ஒவ்வோரிடத்திலும் இரண்டு முதல் நான்கு நாற்றுகள் எழும். கொத்தமல்லியின் உருண்டைக்குள்ளும் இரண்டு விதைகள் இருக்கின்றன.

இவற்றோடு மண்ணின் குணமும் சேர்ந்துகொள்கிறது. செம்மண்ணை எருவோ தென்னை நார்க்கழிவோ போதிய அளவு கலக்காமல் பையில் நிரப்பினால், நீர் ஊற்றிக் காய்ந்ததும் மேல்மண் இறுகி ஓடு கட்டிக்கொள்ளும். எங்கே வெடிப்பு விழுகிறதோ அங்கே நாற்றுகள் கூட்டமாகத் தலைநீட்டும். மற்ற இடம் வெறுந்தரையாக இருக்கும். எறும்புகள் கீரை விதைகளை இழுத்துச் சென்று பையின் ஓர் ஓரத்தில் குவித்து வைப்பதையும், அந்தக் குவியல் அப்படியே முளைப்பதையும் கண்டிருக்கிறேன்.

நெருக்கம் என்ன செய்கிறது

இலையில் பட்டுத் திரும்பும் ஒளியில் சிவப்புக் கதிர் குறைந்தும், அதற்கு அடுத்த தொலைச்சிவப்புக் கதிர் மிகுந்தும் இருக்கும். நாற்றில் உள்ள பைட்டோகுரோம் என்னும் நிறமி இந்த வேறுபாட்டைக் கொண்டே பக்கத்தில் போட்டியாளர் இருப்பதை உணர்ந்துவிடுகிறது. உண்மையான நிழல் விழுவதற்கு முன்பே தண்டை நீட்டத் தொடங்குகிறது. வேருக்கும் இலைக்கும் போக வேண்டிய உணவு உயரத்துக்கே செலவாகிறது. இப்படி நூல்போல் நீண்ட தண்டுகள் ஆடிக் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடும். அம்மியையே பறக்க வைக்கும் காற்று என்று பெயர் வாங்கியது, தக்காளி நாற்றை எப்படி விட்டுவைக்கும்?

முள்ளங்கி, கேரட், பீட்ரூட் ஆகியவற்றில் இழப்பு நேரடியானது. இலை சேமித்து அனுப்பும் உணவுதான் கிழங்காகப் பருக்கிறது. இலைக்கு ஒளி போதாவிட்டால் கிழங்கும் பருக்காது. நெருங்கி நிற்கும் கேரட்டுகள் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிக்கொண்டு வளர்வதும் உண்டு.

இதைவிட விரைவில் தெரியும் கேடு நாற்றழுகல் நோய். மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நீர் கோத்துப் பழுப்பாகி, நூலாய் இற்று, நாற்று தலைகுப்புற விழுந்துவிடும். பித்தியம் முதலான பூசணங்கள் இதற்குக் காரணம். ஈரமும் காற்றோட்டமின்மையும் அவற்றுக்கு வாய்ப்பானவை. நெருக்கம் இரண்டையும் சேர்த்துத் தருகிறது. சேலத்து வெயிலில் அழுகல் எங்கிருந்து வரும் என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த வெயிலுக்கு அஞ்சியே காலையும் மாலையும் பையை நிரப்பி நீர் ஊற்றுகிறோம்; ஒரு பாய்போல் அடைத்து நிற்கும் இலைகளுக்குக் கீழே மண் காய்வதே இல்லை.

எப்போது தொடங்குவது

முளைத்ததும் முதலில் விரியும் இரண்டு இலைகள் வித்திலைகள். அவை விதைக்குள்ளேயே இருந்தவை. அந்தந்தக் காய்கறியின் வழக்கமான இலை வடிவம் அவற்றில் இருக்காது. முள்ளங்கிக்கு இதய வடிவம், தக்காளிக்கு ஈட்டி முனை வடிவம், அவரைக்குத் தடித்த பருப்பின் வடிவம். அவற்றுக்கு நடுவிலிருந்து எழும் அடுத்த இலைதான் உண்மை இலை. வித்திலைகள் நன்கு விரிந்து, முதல் உண்மை இலை தலைகாட்டும்போது முதல் கலைப்பைச் செய்யலாம். மூன்று நான்கு உண்மை இலைகள் வந்து, அடுத்தடுத்த நாற்றுகளின் இலைகள் மீண்டும் தொட்டுக்கொள்ளும்போது இரண்டாவது கலைப்பு. முள்ளங்கியில் முதலாவது விதைத்த ஏழு முதல் பத்து நாள்களிலும், இரண்டாவது மூன்றாம் வாரத்துக்குள்ளும் வந்துவிடும். மிளகாய் முளைக்கவே எட்டு முதல் பன்னிரண்டு நாள் ஆகும் என்பதால் அதற்குப் பொறுமை வேண்டும். ஆகையால் நாளை எண்ணுவதோடு இலையையும் பார்ப்பது நல்லது.

ஒரே தடவையில் இறுதி இடைவெளிக்குக் கலைத்துவிடுவது சோம்பேறிகளுக்கு உகந்த வழி. ஆனால் அதன் பிறகு ஓர் அணிலோ வெட்டுப்புழுவோ எடுத்துக்கொள்ளும் செடிக்கு மாற்று இருக்காது. இரண்டு தவணையாகக் கலைக்கும்போது, முதல் தவணைக்குப் பின் தேவையைப் போல் இரு மடங்கு நாற்றுகள் எஞ்சும். அந்த இடைப்பட்ட நாள்களில் எது தேறும், எது தேறாது என்பதும் தெரிந்துவிடும்.

தள்ளிப்போடுவதுதான் பெரிய இடையூறு. சேலத்தில் ஆடிப்பட்டத்து நாற்று கலைக்க வேண்டிய அதே நாள்களில்தான் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா வருகிறது. வீடு நிறைய உறவினர், பூச்சாட்டு, பொங்கல் என்று ஒரு வாரம் போய்விட்டால் மாடியில் முள்ளங்கி சாய்ந்து கிடக்கும். பண்டிகைக்கு முந்தின மாலை அரை மணி நேரம் ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

எதை விடுவது, எதை எடுப்பது

புதியவர்கள் பெரும்பாலும் உயரமான நாற்றை விட்டுவிட்டுக் குட்டையானதை நீக்குகிறார்கள். இது பல வேளைகளில் தலைகீழான தேர்வாகிவிடும், ஏனெனில் கூட்டத்தில் மிக உயரமாக நிற்பது ஒளியைத் தேடி ஓடியதாக இருக்கலாம். தண்டு தடித்து, குட்டையாக, நிமிர்ந்து நிற்பதும், வித்திலைகள் இரண்டும் முழுமையாக உள்ளதும், இலை கரும்பச்சையாக இருப்பதுமே விட வேண்டிய நாற்று. வித்திலை பாதி கடிபட்டது, விதையுறை இன்னும் தலையில் ஒட்டிக்கொண்டு இலை விரிய முடியாமல் நிற்பது, தண்டு வளைந்து எழுந்தது, இலை வெளுத்தது ஆகியவற்றை முதலில் எடுத்துவிடலாம். இரண்டும் ஒத்த தகுதி உடையனவாக இருந்தால், இடைவெளிக்குப் பொருத்தமான இடத்தில் நிற்பதை விடுங்கள். அதற்கு மேல் யோசித்துக்கொண்டிருந்தால் பொழுது சாய்ந்துவிடும்.

எடுப்பதற்கு முன், அது விதைத்த பயிர்தானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். எருவோடு வரும் குப்பைக்கீரை, கீரை விதைத்த பையில் கீரை போலவே முளைத்து நிற்கும். வீட்டுச் சமையற்கழிவை மக்கவைத்து இட்டவர்களுக்குக் கேட்காமலேயே தக்காளி முளைக்கும். வரிசையாக விதைப்பதன் பெரும் பயன் இங்கேதான் தெரிகிறது. கோட்டுக்கு வெளியே நிற்பது எதுவாயினும் ஐயத்துக்குரியது. கோரையை மட்டும் மேலாகக் கிள்ளிப் பயனில்லை, கிழங்கோடு தோண்ட வேண்டும்.

கையும் கத்தரியும்

கலைப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னதாகப் பூவாளியால் நீர் தெளித்து மண்ணை நனைத்துக்கொள்ளுங்கள். சேலத்தில் வெயில் தாழ்ந்த மாலை ஐந்து மணி வாக்கில் தொடங்குவது நல்லது. எஞ்சிய நாற்றுகள் அதிர்ச்சியிலிருந்து தேறிக்கொள்ள ஓர் இரவு கிடைக்கும். வேண்டிய கருவிகள் மிகச் சில: கூர்நுனியுள்ள சிறு கத்தரி, ஒரு பழைய தேக்கரண்டி, எடுத்ததைப் போட ஒரு தட்டு.

பிடுங்குவதா, வெட்டுவதா என்பதில் என் தீர்ப்பு வெட்டுவதன் பக்கமே. நாற்று நெருக்கமாக நிற்கும்போது வேர்கள் பின்னியிருக்கும். ஒன்றை இழுத்தால் நாம் விட நினைத்த நாற்றும் கூடவே அசைந்து, அதன் மெல்லிய உறிஞ்சுவேர்கள் அறுந்துவிடும். அவரை, கொத்தவரை, வெண்டை, கொடிவகைக் காய்கள் ஆகியவற்றின் வேர்கள் அசைவைத் தாங்குவதில்லை. ஆகவே மண்ணை ஒட்டித் தண்டைக் கத்தரியால் நறுக்கிவிட்டால் போதும். வித்திலைகளுக்குக் கீழே வெட்டுவது முக்கியம். மேலே வெட்டினால் இலைக்கணுவிலிருந்து மீண்டும் துளிர்த்துவிடும். மண்ணுக்குள் தங்கிய வேர் அங்கேயே மக்கிப்போகும்.

கீரையையும் முள்ளங்கியையும் சமையலுக்கு எடுப்பவர்கள் பிடுங்கலாம். அப்போது இடக்கையின் இரு விரல்களை, விட வேண்டிய நாற்றின் இரு பக்கமும் மண்ணில் அழுத்தி வைத்துக்கொண்டு, வலக்கையால் மற்றதை மெல்ல மேல்நோக்கி இழுக்க வேண்டும். நாற்றைப் பிடிக்கும்போதெல்லாம் இலையைப் பிடிப்பதே முறை. இலை ஒன்று கிழிந்தால் வேறொன்று வரும். தண்டு நசுங்கினால் அந்த நாற்று முடிந்தது.

அளவுகோல் தேடி அலைய வேண்டியதில்லை. நம் கையிலேயே அளவு இருக்கிறது: நான்கு விரற்கடை ஏறத்தாழ 7 முதல் 8 செ.மீ., ஒரு சாண் ஏறத்தாழ 22 செ.மீ., ஒரு முழம் ஏறத்தாழ 45 செ.மீ. நண்டு ஓட நெல், நரி ஓடக் கரும்பு, வண்டி ஓட வாழை, தேர் ஓடத் தென்னை என்று முன்னோர் அளந்தார்கள். அதனோடு விரல் ஓட முள்ளங்கி என்று நானாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

பயிருக்குப் பயிர் வேறுபாடு

முள்ளங்கியில் முதல் தடவை இரண்டு விரல் இடைவெளியும், இரண்டாம் தடவை நான்கு முதல் ஐந்து விரல் இடைவெளியும் விடுங்கள். நம் ஊரில் விரும்பப்படும் நீள வெள்ளை முள்ளங்கிக்கு 10 செ.மீ. வேண்டும். ஓரடி அகலமுள்ள பையில் ஐந்தாறு முள்ளங்கிக்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை. கலைத்தபின் சாய்ந்து நிற்கும் நாற்றுகளின் அடியில் வித்திலை வரை மண்ணை அணைத்தால் நிமிர்ந்துகொள்ளும்.

வெண்டைக்கு ஓரடி இடைவெளியில் மூன்று விதை ஊன்றி, பத்து நாள் கழித்து இரண்டு நாற்றை விடுவது வேளாண் பரிந்துரை. பரந்த நிலத்துக்கு அது சரி. பையில் இரண்டும் ஒரே மண்ணுக்குப் போட்டியிடும் என்பதால், இரண்டாம் கலைப்பில் ஒன்றாக்கிவிடுவதே எனக்கு நல்ல காய்ப்பைத் தந்திருக்கிறது. கொத்தவரையும் தட்டைப்பயறும் 15 செ.மீ. இடைவெளியில் நிற்கலாம்.

பாகல், புடலை, பீர்க்கு, சுரை, பரங்கி ஆகியவற்றுக்குக் குழிக்கு ஐந்து விதை ஊன்றி, பதினைந்தாம் நாள் வாக்கில் இரண்டு நாற்றை மட்டும் விடுவது வழக்கம். புதியவர்களின் மனம் மிகவும் தயங்கும் இடம் இதுதான், ஏனெனில் கொடிக்காய் நாற்றுகள் பருத்த இலையோடு, பார்க்கவே செழிப்பாக இருக்கும். ஐந்தையும் விட்டால் பந்தல் முழுதும் இலை மூடும். காய்க்குப் போக வேண்டியதை ஐந்து கொடிகளும் பங்கிட்டுத் தீர்த்துவிடும். மாடியில் பெரிய பையிலோ பீப்பாயிலோ வளர்ப்பவர்கள் ஒரே கொடியை விடட்டும். நீக்குவதைக் கட்டாயம் வெட்டியே நீக்குங்கள்.

தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் நாற்றங்காலிலிருந்து பெயர்த்து நடப்படுபவை ஆகையால் கலைப்பின் இழப்பு இவற்றில் மிகக் குறைவு. குழித்தட்டில் ஒரு குழிக்கு ஒரு விதை இட்டால் கலைக்கவே வேண்டாம். இரண்டு இட்டிருந்தால் ஒன்றை நறுக்கிவிடுங்கள். தட்டிலோ தொட்டியிலோ கொட்டி விதைத்தவர்கள் முதல் உண்மை இலை வந்ததும் நாற்றுக்கு நாற்று இரண்டு விரல் இடம் இருக்குமாறு கலைத்துவிட்டால், தக்காளி 25 நாளிலும், கத்தரி 30 முதல் 35 நாளிலும், மிளகாய் சுமார் 40 நாளிலும் நடவுக்கு ஏற்ற திரட்சியோடு இருக்கும். நிலத்தில் நடும்போது தக்காளிக்குச் செடிக்குச் செடி ஒரு முழம், கத்தரிக்கு ஒன்றேகால் முழத்துக்குச் சற்று மேல், மிளகாய்க்கு ஒரு முழம் என்று கொள்ளலாம். பையில் ஒன்றுக்கு ஒரு செடி.

நெருக்கத்திலிருந்து எடுத்த தக்காளி நாற்றை வீணாக்க வேண்டாம். தேக்கரண்டிக் காம்பால் மண்ணோடு நெம்பி எடுத்து, வித்திலைகள் வரை ஆழமாகப் புதைத்து நட்டால் புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும்; நூலாக நீண்டிருந்த நாற்றுக்கும் இதுவே மருந்து. கத்தரி, மிளகாய் நாற்றுகளை முன்பிருந்த ஆழத்திலேயே நடுங்கள். நட்ட மூன்று நான்கு நாள்களுக்கு நிழல் வேண்டும். பழைய செய்தித்தாளைக் கூம்பாக மடித்துக் கவிழ்த்தாலும் போதும். கேரட்டையும் முள்ளங்கியையும் இப்படிப் பெயர்த்து நடக் கூடாது, ஏனெனில் நுனிவேர் ஒடிந்து கிழங்கு இரண்டாகப் பிளந்து வளரும். பீட்ரூட் இளம் நாற்றாக இருந்தால் ஓரளவு தாங்கும்.

கீரையில் கலைப்பும் அறுவடையும் ஒன்றே. தண்டுக்கீரைப் பையில் பன்னிரண்டாம் நாள் முதலே நெருக்கமானவற்றை வேரோடு பிடுங்கிக் கடைசலுக்கு எடுத்துக்கொண்டே வந்தால், கடைசியில் நிற்பவை ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த இடைவெளியில் தண்டு தடித்துத் தாமாகவே தேறும். முளைக்கீரையும் சிறுகீரையும் எப்படியும் 20 முதல் 25 நாளில் வேரோடு பிடுங்கப்படுபவை. அவற்றுக்கு இரு விரல் இடைவெளி போதும். அறுத்து அறுத்து எடுக்கும் அரைக்கீரைக்கு மட்டும் முதலிலேயே நான்கு விரல் விட்டுவிடுங்கள். வெந்தயக்கீரையைக் கலைக்கும் வேலையே வேண்டாம். அது நெருக்கமாக விதைக்கப்பட்டு இளசாகவே வெட்டப்படுவது. கொத்தமல்லியையும் நான் பெரிதாகக் கலைப்பதில்லை; ரசத்துக்கு வேண்டும்போது நெருக்கமான இடத்திலிருந்து கிள்ளுவதோடு சரி.

ஏற்காட்டில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்துக்குப் போய்விட்டால் மேலே சொன்ன கணக்குகளில் சில மாறும். சேர்வராயன் மலையில் குளிரால் முளைப்பும் வளர்ச்சியும் தாமதமாகும். கீழே பத்தாம் நாளில் தெரியும் உண்மை இலை அங்கே இரண்டு வாரத்துக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். மாலையில் மூடுபனி இறங்கி, இலையும் மண்ணும் இரவு முழுதும் ஈரமாகவே இருக்கும். ஆகவே அங்கே மாலையில் கலைக்காமல், பனி விலகி இலை உலர்ந்தபின் முற்பகலில் கலைப்பது நல்லது. ஈரத்தில் கைவைத்தால் நாற்றழுகல் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு விரலோடு போய்ச் சேரும்.

ஏற்காட்டில் காபித் தோட்டத்தை ஒட்டிக் குடியிருக்கும் என் நாத்தனார், முதல் கலைப்பைத் தவறாமல் செய்துவிட்டு இரண்டாவதை வேண்டுமென்றே சில நாள் தள்ளிப்போடுவார். காரணம் கேட்டபோது, “நத்தை தன் பங்க எடுத்துக்கட்டும் அண்ணி, அப்புறம் நாம கலைச்சுக்கலாம்” என்றார். மழைக்காலத்தில் அங்கே ஒரே இரவில் ஒரு வரிசை பீன்ஸ் நாற்றை நத்தைகள் மொட்டையாக்கிவிடும் என்பதை நேரில் பார்த்தபின் அந்த நியாயம் எனக்குப் புரிந்தது.

மலைக்கு உரிய பயிர் கேரட். நாற்று இரண்டங்குலம் உயர்ந்ததும் ஒரு விரல் இடைவெளிக்கும், ஒரு மாதம் கழித்து மூன்று நான்கு விரல் இடைவெளிக்கும் கலைக்க வேண்டும். இரண்டாவது தடவை எடுப்பவை விரல் பருமனில் இனிக்கும். அவற்றை அங்கேயே துடைத்துத் தின்னும் குழந்தைகள் இருந்தால் கலைப்பு வேலைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. எடுத்தபின் உண்டாகும் குழியை மூடி, எஞ்சிய கேரட்டின் தோள் வெளியே தெரியாதபடி மண் அணையுங்கள். வெயில் பட்ட தோள் பச்சையாகிக் கசக்கும். பீட்ரூட்டில் ஒவ்வொரு கொத்திலிருந்தும் ஒரே நாற்றை விட்டு மற்றவற்றைக் கத்தரியால் நறுக்குங்கள். அங்கே பிடுங்க முயன்றால் கொத்து முழுவதும் கையோடு வந்துவிடும்.

கலைத்த பிறகு

கலைத்து முடித்ததும் பூவாளியால் மென்மையாக நீர் தெளித்து, அசைந்த மண்ணைப் படிய வையுங்கள். அதுவரை ஒன்றையொன்று சாய்ந்து நின்ற நாற்றுகள் துணை போனதும் முதல் நாள் துவண்டு தெரியும். அதைக் கண்டு மீண்டும் மீண்டும் நீர் ஊற்ற வேண்டாம். மறுநாள் காலை பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். சேலத்து வெயிலில் நாற்றுகளுக்கிடையே இப்போது வெளியே தெரியும் மண் விரைவில் சூடேறும் என்பதால், காய்ந்த இலைச் சருகையோ தென்னை நார்க்கழிவையோ மெல்லிய படலமாக, தண்டைத் தொடாதபடி பரப்பலாம். உரத்துக்கு ஒரு வாரம் பொறுத்து, கைப்பிடி மண்புழு உரத்தைச் சுற்றிலும் தூவினால் போதும்.

எடுத்தவற்றில் கீரையும் முள்ளங்கி நாற்றும் சமையலறைக்குப் போகட்டும். முள்ளங்கி இளந்தளிர் பாசிப்பருப்போடு சேர்த்துப் பொரியல் செய்யச் சுவையானது. தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளை மக்கும் தொட்டியில் போடுங்கள். அழுகல் கண்ட நாற்றுகளை மட்டும் அதில் சேர்க்காமல், அவை நின்ற இடத்து மண்ணையும் ஒரு கரண்டி அளவு அள்ளி, தோட்டத்துக்கு அப்பால் கொண்டு போய்விட வேண்டும்.

அடுத்த விதைப்பில் கலைக்கும் வேலையைக் குறைத்துக்கொள்ள எளிய வழிகள் உண்டு. கீரை விதையை அதைப் போல் பத்து மடங்கு உலர்ந்த மணலோடு கலந்து தூவுங்கள். மணல் விழுந்த இடம் கண்ணுக்குத் தெரிவதால் கை ஒரே இடத்தில் நில்லாது. முள்ளங்கியைக் கோடு கிழித்து இரண்டு விரலுக்கு ஒன்றாக ஊன்றுங்கள். கொத்தமல்லியைத் தரையில் இட்டுச் செருப்பாலோ கட்டையாலோ மெல்லத் தேய்த்து இரண்டாக உடைத்துக்கொண்டு விதையுங்கள். பொட்டலத்தில் இருக்கிறதே என்பதற்காக முழுவதையும் கொட்டிவிட வேண்டாம்; மிஞ்சியதை மடித்து, காற்றுப் புகாத டப்பாவில் இட்டு, வெயில் படாத அலமாரியில் வைத்தால் தைப்பட்டத்துக்கு உதவும். விதைத்த அன்றே, சுவரில் தொங்கும் நாள்காட்டியில் பத்தாம் நாள் தாளின்மேல் “முள்ளங்கி கலைக்க” என்று எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாளைக் கிழிப்பவர் கத்தரியையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு.